மிச்ச பெயின்ட்

ஐந்து ரோட்டில் அந்த நாலு மாடிக் கட்டடம்,
ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் வீடுகள் மூன்று,
கொண்டலாம்பட்டி மண்டபத்தின் முகப்பு
எல்லாம் யோகராசா சாரத்தில் தொங்கி அடித்தது.
கீழே நின்று பட்டி கலக்கிக் கொடுத்தவன் நான்.
பதினொரு வருஷம்.
சேலத்தில் எந்தச் சுவருக்கு எத்தனை கோட் என்று
கேட்டால் சொல்வோம்.
சந்தேகமிருந்தால் சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வாடகை வீடு தேடி அம்மாபேட்டையில்
ஆறு சந்து ஏறி இறங்கினோம்.
"எந்த ஊரு?" என்றார் அங்கமுத்து.
"தாரமங்கலம்."
"அதுக்கு முன்ன?"
"அங்கதாங்க பொறந்தேன். முகாம்ல."
"அதுக்கும் முன்ன?"
"அப்பாவுக்கு மன்னாருங்க."
வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்கு மாற்றினார்.
அந்த நேரத்தில் ஒரு சன்னலை அடித்து முடித்திருக்கலாம்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"நீ கையெழுத்துப் போடறயா?"

போட்டேன்.
போட்ட கை சாயங்காலம் வரை லேசாக நடுங்கியது,
பொய் எதற்கு.
"நாளைக்கு ஒண்ணுன்னா?" என்றாள் கோமதி.
குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.
இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, உதிர்கிற சுண்ணாம்பு.
ஷேட் கார்டை விரித்துப் பிடித்தபடி அவன் நிற்கிறான்.
ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும்
அவன் முதலில் கேட்பது ஒன்றே:
"என்ன கலருங்க?"
அன்றைக்கு அதைக் கேட்க ஆளில்லை.
தவமலரைப் பார்த்தான்.
அவள் டிலானியைப் பார்த்தாள்.
டிலானி சன்னல் கம்பியில் துருவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மதியம் மாரப்பன் குட்டியானையில் வந்து இறக்கினான்,
ஊரெல்லாம் அடித்து மிஞ்சிய டப்பாக்களை.
டாக்டர் வீட்டு யானைத்தந்தம் கால் லிட்டர்,
பள்ளிக்கூடத்து மஞ்சள்,
பிரசவ ஆஸ்பத்திரியின் ரோஸ்,
யாரோ பிடிக்கவில்லையென்று திருப்பிய பச்சை, முழுசாக.
மூடியை நெம்பினால் மேலே தோல் படர்ந்திருந்தது,
பாலாடை மாதிரி.
குச்சியில் சுருட்டி எறிந்துவிட்டுக் கலக்கினோம்.
ஒரு சுவரில் தொடங்கிய நிறம்
மூலை திரும்புவதற்குள் தீர்ந்துபோகும்,
அடுத்தது தொடரும்.
"சர்க்கஸ் கூடாரமாட்ட இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே
அங்கமுத்து கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

முகாமிலிருந்து சாமான் ஒரே நடையில் வந்துவிட்டது.
பீரோ, கட்டில், தையல் மிஷின், இரும்புப் பெட்டி,
எல்லாம் முதல் அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தன.
அந்தப் பத்துக்குப் பத்து அவற்றுக்கு மனப்பாடம்.
அடுப்பையும் அந்த மூலையிலேயே வைக்கப்போனாள் தவமலர்.
"சமையல்கட்டு இருக்குதும்மா."
"அட, ஓம்" என்றாள்.
பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி.
தூக்கம் வருமா என்று கேட்டேன்.
"ஓடுச்சுன்னாத் தூங்கிருவோம்ணே.
நின்னாத்தான் முழிப்பு வருது."

மாதத்தில் ஒரு நாள் அவன் தாரமங்கலம் போய்த்
தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும்.
மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று சொல்வது என் வேலை.
மேஸ்திரிக்கும் தெரியும்,
தேதி தவறாமல் வருகிற அந்தக் காய்ச்சலை.

இருபது நாள் கழித்துப் போனேன்.
இரண்டாவது அறை அப்படியே காலி.
மூலையில் எங்கள் ஏணி மட்டும்.
"யாருக்கு வெச்சிருக்கீங்க?"
"தெரியலைண்ணே. அப்பப்பத் திறந்து பாத்துக்குவோம்."

காப்பி கொண்டு வந்தாள்.
அதற்குள் டிலானி அந்த அறைக்குள் போய்க்
கதவைச் சாத்தினாள்.
உள்தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.
திருகாணி நான் முறுக்கியதுதான்,
ஆனால் அந்தச் சத்தத்தை அந்த வீட்டில்
அதுவரை யாரும் கேட்டதில்லை போல.
பேச்சு நின்றுவிட்டது.
யோகராசா எழுந்து போய்,
பட்டி காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி
விரல்கணுவால் தட்டினான்.
"என்னம்மா செய்யிற?"

"சும்மாதான்."

இன்னொரு தரம் தட்டக் கையைத் தூக்கி
அப்படியே கதவைத் தடவிப் பார்த்தான்.
பச்சை ஒரு கோட்தான் ஏறியிருந்தது.
இன்னொன்று அடிக்க வேண்டும்,
அவள் வெளியே வந்த பிறகு.